கிட்டே போனால் பின்காலைத் திருப்பும் குதிரைக் குட்டி: பட்டினி போட்டால் அடங்குமா?

ஜூன் 6, காலை. ராஜாக்கமங்கலத்துக்காரர் கேட்டது

இரண்டு வயது தாண்டிய பெண் குதிரைக் குட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். மார்வாரிக் கலப்பு, காது நுனி இரண்டும் உள்ளே வளைந்து நிற்கும். இதுவரை யாரும் கை வைத்துப் பழக்கவில்லையாம். வண்டியிலிருந்து இறக்கவே நாலு பேர் வேண்டியிருந்தது. இப்போது வீட்டுக்குப் பின்னால் தென்னை விளையில் ஒரு மரத்தில் கட்டியிருக்கிறேன். கிட்டே போனால் பின்பக்கத்தைத் திருப்பிச் சவட்ட வருகிறது. விற்றவர், "கயிற்றைக் குட்டையாக்கிக் கட்டு, ஒரு நாள் தண்ணீர் தீவனம் எதுவும் கொடுக்காதே, மறுநாள் உன் கையால் கொடு, காலடியில் கிடக்கும்" என்கிறார். ஊரிலும் அதையேதான் சொல்கிறார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டு. செய்யலாமா?

ஜூன் 6, மதியம்

தண்ணீரை நிறுத்தாதீர்கள். ஒரு வாளியும் கொஞ்சம் புல்லும் வைத்துவிட்டு வாருங்கள். மற்றதை இரவில் எழுதுகிறேன்.

ஜூன் 6, இரவு

சரி, காரணம். குதிரையின் இரைப்பை சின்னது. அதில் அமிலம் தின்றாலும் தின்னாவிட்டாலும் சுரந்துகொண்டே இருக்கும். மாட்டைப் போலத் தின்றதை வைத்திருந்து அசைபோடுகிற வசதி கிடையாது. பகலும் இரவும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் போய்க்கொண்டிருக்க வேண்டும். பட்டினி போட்டால் இரைப்பையில் புண் வரும். தண்ணீரையும் நிறுத்தினால் காய்ந்த தீவனம் குடலில் அடைத்துக்கொள்ளும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. வயிற்று வலியில் அது தரையில் விழுந்து புரளும்போது, ராத்திரி பதினொரு மணிக்கு நம் மாவட்டத்தில் குதிரை பார்க்கிற மருத்துவரை எங்கே தேடுவீர்கள்?

விற்றவர் சொன்னது பலிக்காது என்று நான் சொல்லவில்லை. பசித்த குட்டி உங்கள் கையில் இருப்பதைத் தின்னத்தான் செய்யும். பசி தீர்ந்ததும் பழையபடி பின்காலைக் காட்டும். அப்போது மறுபடியும் பட்டினியா?

குட்டையாகக் கட்டுவது அதைவிட மோசம். பயந்த குதிரை முதலில் பின்னால் இழுக்கும். தென்னை அசையாது, ஆகவே இழுப்பு முழுவதையும் காதுக்குப் பின்னால் உள்ள கழுத்து வாங்கும். அப்படிக் கழுத்து கோணிப்போன குட்டியைப் பார்த்திருக்கிறேன். அவிழ்க்கக் கிட்டே போக முடியவில்லை என்றால் இப்போதைக்குக் கயிற்றை நீளமாக்குங்கள், நாளைக்கே அடைப்பு கட்டுங்கள். கமுகுத் தடியோ மூங்கிலோ போதும். பத்துப் பன்னிரண்டு மீட்டர் அகலம், உயரம் ஐந்தடிக்குக் குறையக் கூடாது, முள்கம்பி கூடவே கூடாது. மேலே குலை இல்லாத இடமாகப் பாருங்கள். விளைக்குள்தான் இடம் என்றால் மரமேறுபவரைக் கூப்பிட்டு முற்றிய காயையும் காய்ந்த மட்டையையும் முதலில் இறக்கிவிடுங்கள். பக்கத்தில் மட்டை விழுகிற சத்தத்தில் அரண்டால், நீங்கள் ஒரு வாரம் பொறுமையாகச் செய்ததெல்லாம் அந்த ஒரு நொடியில் போய்விடும்.

பிள்ளைகள் அடைப்புக்கு வெளியே. அதில் பேச்சே இல்லை.

ஜூன் 7

கருப்பட்டி காட்டிக் கூப்பிடலாமா என்று கேட்ட குளச்சல் தம்பிக்கு: வேண்டாம். நம் ஊர்க் கருப்பட்டி மேல் எனக்கும் பிரியம் உண்டு, அது சாயாவுக்கு. கையில் தின்பண்டம் காட்டிக் கூப்பிட்ட குட்டி முதலில் கையை மோக்கும், அப்புறம் சட்டைப் பையை, அப்புறம் தோளைக் கவ்வும். எங்கள் தெருவில் அப்படி ஒன்று இருந்தது. பால்காரர் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டார். தீவனத்தைத் தொட்டியில் வையுங்கள், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள்.

ஜூன் 9

அடைப்பு தயார் என்று எழுதியிருக்கிறீர்கள். இனி எப்படிப் போவது என்று பார்ப்போம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் பின்னால் வரப்போவது எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது.

குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 350 டிகிரிக்குப் பார்வை ஓடும். தெரியாத இடம் இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால். அன்பாக நெற்றியைத் தடவப் போகிறவர் முதல் இடத்தில் கை நீட்டுகிறார். சவட்டுக்குப் பயந்து சுற்றிப் போகிறவர் இரண்டாவது இடத்தில் போய் மாட்டுகிறார். நீங்கள் தோளைப் பார்த்துச் சாய்வாக நடங்கள். கண்ணோடு கண் முறைக்காதீர்கள். பூனை மாதிரி பதுங்கவும் வேண்டாம், பதுங்கி வருகிற எதுவும் அதற்கு வேட்டை மிருகம்தான். வேலைக்குப் போகிற ஆள் நடப்பதைப் போல நடந்தால் போதும்.

போகப்போக ஓர் இடத்தில் குட்டி தலையைத் தூக்கும், தின்பதை நிறுத்தும், இரண்டு காதும் உங்கள் மேல் குத்தி நிற்கும். உங்கள் குட்டிக்கு அந்த இடம் பதினைந்தடி தூரத்தில் இருக்கலாம், வேறொன்றுக்கு ஐம்பதடி. அதற்கு ஓரடி முன்னாலேயே நில்லுங்கள். காத்திருங்கள். ஒரு காது வேறு பக்கம் திரும்பும், அல்லது கழுத்து கொஞ்சம் இறங்கும், அல்லது மூக்கால் 'ப்ர்ர்' என்று ஊதும். அந்த நொடியில் திரும்பி நடந்து போய்விடுங்கள். போய் வேலியைச் சரி பாருங்கள், சும்மா நில்லுங்கள். அப்புறம் மறுபடி.

இதில் கற்றுக்கொடுப்பது நீங்கள் கிட்டே போவது என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் விலகிப் போவதுதான் கற்றுக்கொடுக்கிறது. நெருக்கடி எந்த நொடியில் தளர்ந்ததோ அதற்குச் சற்று முன் தான் என்ன செய்தோம் என்பதைத்தான் குதிரை பிடித்துக்கொள்கிறது. இரண்டு மூன்று வினாடி தாமதித்தால் பாடம் மாறிப்போகும். அது பின்பக்கத்தைத் திருப்பியதும் நீங்கள் பதறி ஓடினால், பின்பக்கத்தைத் திருப்பினால் இந்த ஆள் போய்விடுவான் என்பதை நீங்களே சொல்லிக்கொடுத்த மாதிரி. இப்போது அது செய்வதும் அதைத்தான், முன்பு வைத்திருந்தவர்கள் பழக்கிவிட்ட பாடம்.

அப்படித் திருப்பிவிட்டால் என்ன செய்வது? காலுக்கு எட்டாத தூரத்திலேயே இருந்துகொண்டு, வளைந்து அதன் தோள் தெரிகிற பக்கம் நகருங்கள். ஒரு கண்ணால் உங்களைத் தேடிப் பார்த்ததும் அப்போது போய்விடுங்கள்.

எனக்கு இதைக் காட்டியவர் பழைய குதிரைவண்டிக்காரர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கம். புதுக் குதிரையிடம் நேராகப் போகவே மாட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடப்பார், திரும்புவார், பீடி பற்றவைப்பார். வேலை செய்ய மடி என்றுதான் நான் முதலில் நினைத்தேன். சாயங்காலம் பார்த்தால் குதிரை அவர் பின்னால் நடந்துகொண்டிருக்கும்.

ஜூன் 10

எத்தனை நாளாகும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். நான் ஜோசியம் பார்ப்பதில்லை.

ஜூன் 16

கை படுகிற தூரத்துக்கு வந்துவிட்டது, எங்கே தொடுவது என்கிறார் ராஜாக்கமங்கலத்துக்காரர். முகம் வேண்டாம். பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேடு இருக்கிறதே, அங்கே. இரண்டு குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வது அங்கேதான். அந்த இடத்தைச் சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். தட்டிக் கொடுக்காதீர்கள், சொறியுங்கள். மாட்டைத் தட்டுகிற பழக்கத்தில் நம் ஆட்கள் பளார் பளார் என்று தட்டுவார்கள், குட்டிக்கு அது அடி.

பயமாக இருந்தால் நீளமான மூங்கில் கழியின் நுனியில் துணியைச் சுற்றி, முதலில் அதனால் தடவுங்கள். கழுத்து, தோள், முதுகு, கடைசியில் பின்தொடை. அது நகர்ந்து போவதற்கு முன் நீங்கள் எடுத்துவிட வேண்டும். இடது பக்கம் பழகியதை வலது பக்கமும் முதலிலிருந்து செய்யுங்கள். ஒரு பக்கக் கண்ணால் பார்த்துப் பழகியது மறுபக்கத்துக்கு அப்படியே போய்ச் சேராது.

என்னை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவர்களுக்கு: நான் அக்கா. ஆரல்வாய்மொழிப் பக்கம் வீடு. குதிரை வளர்க்கிற பெண்ணை நீங்கள் பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஜூன் 23

சுழி பற்றிக் கேட்ட தக்கலைக்காரருக்கு. நெற்றியில் ஒற்றைச் சுழி, இரட்டைச் சுழி, கண்ணுக்குக் கீழே இருந்தால் ஆகாது, கழுத்தில் இருந்தால் ராஜயோகம் என்று பெரிய கணக்கே வைத்திருக்கிறார்கள். சந்தையில் விலை அதனால் ஏறும், இறங்கும். அது உண்மை. ஆகவே விற்கப் போகிறீர்கள் என்றால் சுழி பாருங்கள். வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் குளம்பைப் பாருங்கள், பல்லைப் பாருங்கள், வாளிச் சத்தத்துக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். கெட்ட சுழி என்று சொல்லி மலிவாகத் தள்ளிவிட்ட குதிரை ஒன்று என்னிடம் இருக்கிறது. அதனால் எனக்கு ஆன ஒரே நஷ்டம், தீவனச் செலவு.

ஜூலை 4

இரண்டு நாளாகக் குட்டி பழையபடி வெப்ராளப்படுகிறது, எல்லாம் வீணாகிவிட்டதா என்று ஒரு புலம்பல். வெளியே பாருங்கள், என்ன காற்று! ஆனி ஆடிக் காற்றில் ஓலை முழுக்க அடித்துக்கொண்டிருக்கும்போது குதிரையால் சத்தத்தைப் பிரித்து எடுக்க முடியாது. காதைத் தனித்தனியாக 180 டிகிரி திருப்பி எங்கே என்ன அசைகிறது என்று கண்டுபிடித்துக்கொண்டே வாழ்கிற உயிர் அது. எல்லாத் திசையிலும் ஒரே இரைச்சல் என்றால் எல்லாத் திசையிலும் ஆபத்து. காற்று நாளில் புதிதாக எதுவும் தொடங்காதீர்கள், தெரிந்த சின்ன வேலை ஒன்றைச் செய்துவிட்டு நிறுத்துங்கள்.

இந்த விஷயத்தில் எங்கள் ஊரைக் கேளுங்கள். கணவாய்க் காற்றுக்கு முப்பந்தல் முழுக்கக் காற்றாலை. காற்றைவிட எனக்குத் தொல்லை கொடுத்தது அதன் நிழல். வெயில் சாய்ந்த பிறகு இறக்கையின் நிழல் தரையில் நீளமாக ஓடும். என் பெண் குதிரை அந்த நிழல் விளிம்பில் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிடும். நான் இழுக்கவில்லை. நிழல் எட்டாத இடத்தில் நின்று மேயவிட்டேன். பார்த்தது, மேய்ந்தது, மறுபடி பார்த்தது. மறுநாள் கொஞ்சம் கிட்டே. பிறகு நான் நிழலுக்கும் அதற்கும் நடுவே நடந்தேன். இப்போது நிழல் மேலேயே படுத்துத் தூங்குகிறது. சிமென்ட் சாக்கு, குடை, தார்ப்பாய் எதுவானாலும் இதே வழிதான். பொருளைக் குதிரையிடம் கொண்டுபோகாமல் குதிரையைப் பொருளை நோக்கி நடத்துங்கள். பொருள் விலகிப் போகிற மாதிரி ஒருவர் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தால் இன்னும் நல்லது. விலகிப் போவதைக் கண்டு யாருக்கும் பயம் வராது.

ஜூலை 13

தலைக்கயிறு. கிட்டத்தட்ட எல்லோரும் கெடுக்கிற இடம் இது, மூலையில் நெருக்கி நாலு பேராகப் பிடித்து மாட்டிவிடுகிறார்கள்.

கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அதனாலேயே தோளைச் சொறியுங்கள். பிறகு கழுத்தின் மேல் போட்டு எடுங்கள். போட்டு எடுங்கள் என்பதில் எடுப்பதுதான் முக்கியம். கயிற்றில் மூக்கு நுழைகிற வளையத்தை விரித்துப் பிடித்தால், முன்பே பழகிய குட்டி தானாக மூக்கை நுழைத்து மோந்து பார்க்கும். உடனே முடிச்சுப் போட ஆசைப்படாதீர்கள். அன்றைக்கு நுழைத்ததோடு விடுங்கள்.

மாட்டிய பிறகு முன்னால் நின்று இழுக்கிற வேலை வேண்டாம், அது உங்களைப் போல நாலு மடங்கு எடை. பக்கவாட்டில் ஓரடி எடுத்து வைத்து, கயிற்றின் தொய்வு போகிற அளவுக்கு மட்டும் பிடியுங்கள். கூட்டாதீர்கள், வெட்டி இழுக்காதீர்கள். ஒரு முன்கால் உங்கள் பக்கம் நகர்ந்ததும் கையைத் தளர்த்துங்கள். இடது, வலது, இடது. நாலைந்து அடி நடந்தாலே அன்றைக்குப் போதும்.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். விரல் போன ஆளை எனக்குத் தெரியும். விளையில் அவிழ்த்துவிடும்போது தலைக்கயிற்றையும் கழற்றிவிடுங்கள், பின்காலால் காதைச் சொறியும்போது குளம்பு அதில் மாட்டும்.

ஜூலை 14

"நம்ம ஊர்த் தும்புக் கயிறு இருக்க நூல் கயிறு எதற்கு?" ஊர்ப்பற்று சரிதான். தும்பு என்பது தேங்காய் நார், காதுக்குப் பின்னாலும் மூக்குத் தண்டிலும் அறுக்கும், வியர்வை பட்டால் எரியும். நீங்கள் எவ்வளவு மென்மையாகப் பிடித்தாலும் கயிறு முரட்டுத்தனம் செய்துகொண்டிருக்கும். பெருவிரல் தடிமனில் பருத்தி நூல் கயிறு, பன்னிரண்டடி நீளம். தும்புக்கு வேறு வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

ஜூலை 30

ஆடி பிறந்துவிட்டது, அந்தியூர் குருநாதசுவாமி கோவில் சந்தைக்குப் போகலாமா என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. போங்கள், பாருங்கள். கண்ணுக்கு நிறைவாக இருக்கும். முதல் குதிரையை அங்கே வாங்காதீர்கள். மேளச் சத்தத்தில் மயங்கி நிற்கிற குதிரையை அமைதியான குதிரை என்று நினைத்து ஓட்டிக்கொண்டு வருவீர்கள்.

அப்புறம் நீங்கள் கேட்ட அந்தக் காணொளி. வட்ட அடைப்புக்குள் குதிரையைத் துரத்தித் துரத்தி ஓடவிட்டு, அது வாயை மென்று நாக்கை நக்கியதும் 'பணிந்துவிட்டது' என்று சொல்லி முதுகைக் காட்டி நிற்க, அது பின்னால் வருகிறது. அரை மணி நேரத்தில் முடிந்தது வேலை. பார்க்க மந்திரம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் வாயை மெல்வது பணிவு என்பதைவிட, பதற்றம் ஏறி இறங்குகிற நேரத்தில் உடம்பு செய்கிற காரியம் என்பதே பொருந்துகிறது. பயத்தில் காய்ந்த வாயில் மறுபடி எச்சில் ஊறுகிறது. அப்படியானால் அது மெல்வதற்கு முன்னால் என்ன செய்தோம் என்றல்லவா கேட்க வேண்டும்? ஓடினால் கஷ்டம், இந்த ஆளிடம் நின்றால் கஷ்டமில்லை என்று கணக்குப் போட்டு வருகிற குதிரை அது. வேலை செய்யாது என்று சொல்லமாட்டேன், நானும் முன்பு அதை ரசித்தவள். இரண்டு வயதுக் குட்டியை நம் கடற்கரை மணலில் வட்டம் சுற்ற விடாதீர்கள் என்பது மட்டும் உறுதி. ஆழமான மணலும் சின்ன வட்டமும் முற்றாத மூட்டைக் கெடுக்கும்.

ஆகஸ்ட் 12

தீவனம் பற்றித் தனியாகக் கேட்கிறார்கள். தலைப்பை விட்டுப் போகிறது, ஆனாலும் உடம்பு வலிக்கிற குட்டி எதையும் கற்றுக்கொள்ளாது.

கோ-4 புல்லும் கோதுமைத் தவிடும் போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மாட்டுக்குச் சரி. கம்பு நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடும். மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைப் பெருமளவு உடைத்துவிடும், குதிரைக்கு அந்த வசதி போதாது. தவிட்டிலோ பாஸ்பரஸ் மிக அதிகம், சுண்ணாம்பு மிகக் குறைவு. இரண்டும் சேர்ந்தால் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்பை எடுக்கும், மாதக்கணக்கில் போனால் முகத்து எலும்பு வீங்கி நொண்டத் தொடங்கும். அருகம்புல், வரப்புப் புல் என்று கலந்து போடுங்கள். தவிட்டை ஒரு கைக்கு மேல் போடாதீர்கள். கொள்ளு கொடுத்தால் ஊறவைத்து, கொஞ்சமாக. கல் உப்பு எப்போதும் இருக்கட்டும்.

இந்தப் பக்கத்தில் குதிரைத் தீவனம் பற்றிய குழப்பம் புதிதல்ல. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கப்பலில் ஆயிரக்கணக்கில் குதிரை வந்து இறங்குகிறது, இவர்கள் சோற்றையும் இறைச்சியையும் வேகவைத்துக் கொடுக்கிறார்கள், பராமரிக்கத் தெரியாமல் சாகவிடுகிறார்கள் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். நமக்கு இன்னும் தவிட்டோடுதான் சண்டை.

ஆகஸ்ட் 31

ஜூன் 9 குறிப்பைப் படித்துவிட்டு, "அக்கா, எதையும் கேட்காமல் சும்மா நின்றேன், இப்போது அதுவே வந்து மேலே சாய்கிறது, எவ்வளவு பாசம்!" என்று தோவாளையிலிருந்து ஒருவர். அந்தக் குறிப்புக்கு ஒரு வால் சேர்க்க வேண்டியிருக்கிறது.

மேலே சாய்வது பாசமாக இருக்கலாம். உங்கள் இடத்தைவிட்டு உங்களை நகர்த்துவதாகவும் இருக்கலாம். குதிரைகளுக்குள் யார் யாரை நகர்த்துகிறார்கள் என்பது பெரிய விஷயம். இன்றைக்குச் சாய்கிற குட்டி வளர்ந்த பிறகு வாசலில் உங்களை மிதித்துக்கொண்டு போகும். கோபம் தேவையில்லை. கையைத் தோளில் வைத்து, நகரும் வரை அதே அழுத்தத்தில் பிடித்து, ஓரடி நகர்ந்ததும் எடுத்துவிடுங்கள். முன்னால், பின்னால், பக்கத்தில் எல்லாம் விரல் நுனிக்கு நகரப் பழக்குங்கள். நான் மென்மை என்று சொன்னதைக் கேட்காமல் இருப்பது என்று சிலர் எடுத்துக்கொள்கிறீர்கள். தெளிவாகக் கேட்டு, சின்ன பதில் வந்ததும் விட்டுவிடுகிற ஆளோடுதான் குதிரை நிம்மதியாக இருக்கிறது. ஒரு நாள் சாய விட்டு, மறுநாள் அதற்கே அதட்டுகிற ஆளிடம் அது எப்போதும் காதைப் பின்னால் வைத்துக்கொண்டே நிற்கும்.

செப்டம்பர் 19

கால் தூக்குவது. ஓடித் தப்புகிற உயிருக்குக் காலைப் பிடித்துக்கொள்வது போலப் பயம் வேறில்லை. தோளிலிருந்து கீழே தடவிப் போய், முழங்காலுக்குக் கீழே வந்ததும் திரும்பி மேலே. கணுக்காலுக்கு மேலே பின்பக்கத் தசைநாரை லேசாகக் கிள்ளினால் எடையை மறுகாலுக்கு மாற்றும். மாற்றியதே போதும், விடுங்கள். பிறகு குளம்பு நுனி தரையைவிட்டு எழும்பினால் போதும். பிறகு ஒரு மூச்சு நேரம். அது காலை உதறும்போது விடாதீர்கள், உதறல் நின்ற நொடியில் நீங்களே மெதுவாகக் கீழே வையுங்கள், தொப்பென்று போடாதீர்கள். பின்காலுக்கு முதலில் நூல் கயிற்றை வளையமாகப் போட்டுத் தூரத்தில் நின்று தூக்கிப் பழக்கலாம்.

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவ வேண்டும். மண்ணிலேயே நடக்கிற குட்டிக்கு லாடம் இப்போது தேவையில்லை. மாட்டு லாடக்காரர் மாடு மாதிரிக் கீழே தள்ளிக் கட்டித்தான் செய்வேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர் வருவதற்கு முந்தைய வாரம் அரத்தை நீங்களே எடுத்துக் குளம்பில் உரசி அந்தச் சத்தத்தைப் பழக்குங்கள்.

அக்டோபர் 21

"மழை தொடங்கியதிலிருந்து ஒரே அமைதி, எதற்கும் மிரள்வதில்லை, தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறது, முழுசாகப் பழகிவிட்டது" என்கிறார் ராஜாக்கமங்கலத்துக்காரர்.

தம்பி, உடனே காய்ச்சல் பாருங்கள். மலத்துவாரத்தில் வெப்பமானி, பக்கத்தில் நின்று, பின்னால் நிற்காமல். 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் சரி. அதற்கு மேல் போனால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். நேற்றுவரை காற்றுக்குத் துள்ளிய குட்டி ஒரே வாரத்தில் ஞானியாகாது. மழைக் காலத்தில் கடிக்கிற ஈயால் சர்ரா என்கிற ரத்த ஒட்டுண்ணி நோய் வரும். காய்ச்சல் வந்து வந்து போகும், கால் வீங்கும், மெலியும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும்.

அக்டோபர் 24

39.6 இருந்ததாம், ரத்தத்தில் சர்ரா உறுதியாகி, ஊசி போட்டாயிற்று. கழுத்தில் ஊசி போட ஆள் பிடிக்க வேண்டியிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். தோளைச் சொறிந்துகொண்டே நின்றாராம், மருத்துவர் ஆச்சரியப்பட்டாராம். டெட்டனஸ் ஊசியையும் விசாரித்துப் போட்டுவிடுங்கள், அந்த நோய்க்குக் குதிரை போல எளிதில் இரையாகும் வளர்ப்பு மிருகம் வேறில்லை. கொஞ்ச நாள் எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

நவம்பர் 20

கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா வருகிறது, நாகர்கோவில் சுற்றுவட்டாரத்தில் வைத்திருப்பவர்கள் வெடிக்கு என்ன செய்வது? கட்டிப் போடாதீர்கள். அடைப்பிலோ கொட்டகையிலோ அவிழ்த்துவிட்டு நிறையப் புல் போடுங்கள், விளக்கைப் போட்டுவிடுங்கள், வெளிச்சம் பளிச்சிடுவது குறையும். கைபேசியில் வெடிச் சத்தத்தை இப்போதிருந்தே தீவன நேரத்தில் மெல்லிசாக வைத்துப் பழக்கலாம், காதைத் திருப்பாத அளவில் தொடங்கி.

துணைக்கு ஓர் ஆடோ பசுவோ இருந்தால் இன்னும் நல்லது. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று இரணியல்காரர் சண்டை போடுகிறார், நியாயம். குதிரை கூட்டத்தில் வாழ்கிற உயிர். படுத்துத் தூங்கக்கூட இன்னொன்று காவல் நின்றால்தான் அதற்கு மனம் வரும். நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ராத்திரி வீட்டுக்குள் போய்விடுகிறீர்கள். ஆடு போவதில்லை.

ஜனவரி 8

ராஜாக்கமங்கலத்துத் தம்பியின் தம்பிக்கு ஏறிச் சவாரி செய்ய வேண்டுமாம், கல்யாண ஊர்வலத்துக்கும் கேட்டு ஆள் வந்தார்களாம். பல்லைப் பாருங்கள். நடுவில் உள்ள பால்பல் ஜோடி விழுந்து புதுப்பல் முளைப்பது இரண்டரை வயதில். அடுத்த ஜோடி மூன்றரையில், ஓரத்து ஜோடி நாலரையில். முன்னங்கால் முட்டிக்கு மேலே எலும்பு வளர்ச்சி முடிவதே இரண்டரை வயதை ஒட்டித்தான், முதுகெலும்புக்கு ஐந்து ஆறு வயது ஆகும். இப்போது ஏறினால் தாங்கும், பணமும் வரும். பத்து வயதில் முதுகு போயிருக்கும். கையில் பிடித்து நடத்துங்கள். காலை ஐந்தரைக்குச் சங்குத்துறையில் ஈர மணலில் நடக்கட்டும். அலை காலைத் தொடுவதைத் தானே முடிவு செய்யட்டும்.

ஜனவரி 27

பல்லும் ரத்தமும் மறுபடி பார்க்க ராஜாக்கமங்கலத்துக்காரர் குட்டியைத் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகிறார். இராமையன்பட்டி, அவர் வீட்டிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல். வண்டியில் ஏற்றுவது எப்படி?

ஏற்றுகிற அன்றைக்கு ஏற்றப் பழக்காதீர்கள். வண்டியை ஒரு வாரம் முன்பே ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, மண்மேட்டை ஒட்டிப் பின்பக்கம் நிறுத்துங்கள், தளமும் மேடும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தளத்தில் தும்புப் பாய் விரியுங்கள், தகரத்தில் குளம்பு வழுக்கினால் அத்தோடு முடிந்தது. தும்புக்கு வேலை இருக்கிறது என்றேனே, இதுதான். ஒரு குளம்பை வைத்ததும் நீங்களே பின்னால் வரச் சொல்லுங்கள். இறங்கத் தெரிந்த குட்டிதான் ஏறும். இரண்டு கால், பிறகு வெளியே. நாலு கால், ஒரு கை புல், வெளியே. பின்னாலிருந்து யாரும் கயிறு போட்டுத் தள்ள வேண்டாம், உதவிக்கு வருகிற பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு முதலிலேயே சாயா கொடுத்து உட்கார வைத்துவிடுங்கள்.

போகிற அன்று தலையை நீளக் கயிற்றில், இழுத்தால் அவிழ்கிற முடிச்சில் கட்டுங்கள். ஆட்டையும் ஏற்றிக்கொள்ளுங்கள். ஓட்டுநரிடம் பிரேக்கை மெதுவாகப் போடச் சொல்லுங்கள். வெயில் ஏறுவதற்குள் ஆரல்வாய்மொழி தாண்டிவிடுங்கள், வள்ளியூரில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். வீட்டுத் தண்ணீரை ஒரு கேனில் எடுத்துப் போங்கள், வேற்றூர்த் தண்ணீரைச் சில குதிரைகள் தொடாது.